கலாசி: பாதுகாப்பு விருதுகளின் கணக்கில் வராத ஒரு சொல்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே செல்லும் இரயில், கொல்லத்தைத் தாண்டியதும் பெரிநாட்டிற்கும் மன்றோத்துருத்துக்கும் இடையே அஷ்டமுடிக் காயலைக் கடக்கிறது. 1988 ஜூலை 8 அன்று, பெங்களூரிலிருந்து வந்த ஐலண்டு எக்ஸ்பிரஸ் இங்குள்ள பெருமண் பாலத்தில் தடம் புரண்டு, அதன் பெட்டிகள் காயலில் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுழற்காற்றே காரணம் என்றது இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. கேரளத்தில் பலர் அதை இன்றளவும் ஏற்கவில்லை. அந்த விவாதத்திற்குள் நான் நுழையவில்லை. அப்பெட்டிகளைக் கரையேற்றியவர்களைப் பற்றியும், அவர்களைக் குறிக்கும் சொல்லைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

கனரகப் பளுதூக்கிகளால் மட்டும் அவ்வேலை முடியவில்லை. கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரிலிருந்து மாப்பிளா கலாசிகள் வரவழைக்கப்பட்டனர். உரு என்னும் மரக்கலங்களைக் கட்டுமிடத்திலிருந்து நீருக்கு இறக்குவது அவர்களது பரம்பரைத் தொழில். வடம், கப்பி, மனிதர் சுற்றிவந்து சுழற்றும் மர உருளை ஆகிய இவையே கருவிகள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கலத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தும் அவ்வித்தையைக் கொண்டே இரயில் பெட்டிகளையும் சேற்றிலிருந்து இழுத்தனர்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் என் கவனம் செல்வது அவர்களது இழுவைப் பாட்டின் மீது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். ஏற்பின் அழுத்தம் விழும் அசையில் அனைவரது விசையும் ஒன்றாய் விழும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் சுமை ஒருபக்கம் சாயும். ஆகவே அப்பாட்டைக் களைப்பு நீக்கும் பாட்டு என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. இதைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. விசையேறிய வடம் அறுந்தால் சாட்டையாய்ச் சுழன்று ஆளைக் கொல்லும். அதை அறிந்ததனால்தான் பாட்டுக்கு இத்தனை ஒழுங்கு.

இனி விருதுகளைப் பார்ப்போம். இந்திய அரசின் தேசியப் பாதுகாப்பு விருதுகள் 1965-இல் தொடங்கப்பட்டன. அவற்றின் முக்கிய அளவுகோல் விபத்து நிகழ்வு விகிதம்: பத்து இலட்சம் மனித-மணி நேர உழைப்பில் எத்தனை விபத்துகள் என்ற கணக்கு. இன்று இரயில், மெட்ரோ கட்டுமானங்களில் ஒப்பந்ததாரர்களையும் தளவாடம் வழங்குவோரையும் மதிப்பிடுவதிலும் இத்தகைய கணக்கே பெரிதும் கையாளப்படுகிறது. கணக்கு நேர்மையானதே. ஆனால் வகுக்கும் எண் வருகைப் பதிவேட்டிலிருந்து வருகிறது. நெருக்கடியில் அழைக்கப்பட்டு, வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் குழுவுக்குப் பதிவேடு ஏது? அவர்கள் ஒரு நுட்பத்தையே வழங்குகிறார்கள். எனினும் வழங்குநர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. விபத்தின்றி வேலை முடித்தாலும் அந்தச் சாதனை எந்த விகிதத்திலும் ஏறுவதில்லை.

விருதுகள் தொடங்குவதற்குச் சற்று முன், 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்துப் பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புத் தூலங்களை அடித்துச் சென்றது. சீரமைப்புக்கு முதலில் ஆறு மாதக் கெடு. அது மூன்றாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். அவருக்கு இரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. தகுதியான விருது, ஐயமில்லை. ஆனால் கடலுக்கடியில் தூலங்கள் கிடக்கும் இடத்தைச் சொன்னவர்கள் மீனவர்கள். புதிய தூலங்களுக்குக் காத்திராமல் பழையவற்றை மீட்டுப் பொருத்தலாம் என்ற முடிவே அந்தச் செய்தியிலிருந்துதான் பிறந்தது. பொறியாளரின் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு. மீனவர்கள் எங்கும் பன்மையிலேயே வருகிறார்கள்.

கலாசி என்ற சொல்லின் வரலாறும் இத்தகையதே. அரபு மொழியில் 'கலாஸ்' என்றால் விடுவிப்பு, மீட்பு. இந்துஸ்தானியில் அதன் வழிவந்த 'கலாசி' கப்பலாளைக் குறித்தது. காலனிய ஆவணங்களில் கூடாரம் அடிப்பவரையும் நில அளவையில் சங்கிலி பிடிப்பவரையும் குறித்தது. இந்திய இரயில்வேயில் அது கடைநிலைப் பதவியின் பெயராயிற்று. பேப்பூரில் இதே சொல் ஒரு வித்தைக்காரரைச் சுட்ட, இரயில்வே அலுவலகத்தில் வித்தையற்ற உடலுழைப்பாளரைச் சுட்டியது. அதனினும் கீழே ஒரு படி உண்டு. அதிகாரிகளின் இல்லங்களில் ஏவல் செய்தவர்களுக்கு 'தொலைபேசி உதவியாளர் மற்றும் தபால் கலாசி' என்று பெயர். காலனியக் காலத்து வழக்கமான அப்பணிக்குப் புதிய நியமனங்களை இரயில்வே வாரியம் நிறுத்தியது 2020 ஆகஸ்டில். பெருமண் காயலிலிருந்து பெட்டிகளை இழுத்தவர்களுக்கும் அதே பெயர்தான்.