ஒலுவில்: மணலின் வழியை மறித்த துறைமுகம்

ஒலுவில் துறைமுகம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவு. 1994இல் துறைமுக அமைச்சரானவர், 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தானார். டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் திறந்தாங்க.

நம்ம கரை மணல் ஓரிடத்தில கிடக்காது. அலையோட தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. மணல் தெற்கே குவிந்தது, துறைமுக வாயிலையும் அடைத்தது. வடக்கே, நிந்தவூர் வரைக்கும், கரையைக் கடல் தின்றது, தென்னைகள் சாய்ந்தன.

கரைவலைக்காரருக்குக் கடற்கரைதான் வேலைத்தலம்: வலை இழுக்க, தோணி ஏற்ற, மீன் காயப்போட. எல்லாருக்குமான கட்டட வடிவமைப்பு பற்றி இன்றைக்கு நிறையப் பேசுறோம். கல்லைப் போடுமுன் மணல் எங்க போகுது, அந்த மணலில யாரு பிழைக்கிறாங்க என்று விசாரிக்கிறதும் அதில சேரணும். வாயிலில் தோண்டுற மணலாவது வடக்குக் கரைக்குப் போய்ச் சேரணும்.