இலங்கையில் தற்கொலைத் தடுப்பு முயற்சிகள்: ஒரு வரலாற்று நோக்கு

தற்கொலை ஊழின் பயன், அதனை எவராலும் தடுத்தல் இயலாது என்னும் எண்ணம் எமது சமூகத்தில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலங்கையின் அண்மைக்கால வரலாறு இவ்வெண்ணத்துக்குச் சான்று பகர்வதாயில்லை. 1950 ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் மக்களுக்கு 6.5 ஆக இருந்த தற்கொலை வீதம் 1995 இல் 47 ஆக உயர்ந்து, உலகின் மிகக்கூடிய வீதங்களுள் ஒன்றாயிற்று. அடுத்த பத்தாண்டில் அது ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சமூகக் காரணங்கள் உள. அவற்றையும், எஞ்சியுள்ள பணியையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சட்டத்தை நோக்குதல் வேண்டும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைத் தழுவி ஆக்கப்பட்டதாகும். அதன் 302 ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டு வரையான சிறைக்குரிய குற்றமாக்கியது. பிரித்தானியா தன்னாட்டில் இக்குற்றத்தை 1961 இலேயே நீக்கியது. இலங்கையிலோ அது மேலும் 37 ஆண்டுகள் நிலைத்தது. உயிர் தப்பியவர் வைத்தியரை மட்டுமன்றிப் பொலிசாரையும் எதிர்நோக்க வேண்டியிருந்தது. எனவே குடும்பத்தினர், நிகழ்ந்தது தவறுதலாக நேர்ந்ததென்று கூறி மறைக்கலாயினர். உதவி மிகத் தேவைப்பட்டவரே இம்மறைப்பினால் உதவிக்கு எட்டாதவராயினர்.

துயருற்றவரின் சொல்லைத் தீர்ப்புக் கூறாது செவிமடுக்கும் இயக்கத்தை 1953 இல் இலண்டனிற் சாட் வாரா என்னும் மதகுரு தொடங்கினார். இங்கு 1974 இல் ஜோன் டி மெல் கொழும்பிற் சுமித்ரயோ அமைப்பை நிறுவினார். யாழ்ப்பாணத்திற் போர்ச்சூழலின் மத்தியில், 1987 இல், சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் தோன்றியது. சட்டம் குற்றமெனக் கண்டதை இவ்வமைப்புகள் துயரமெனக் கண்டன.

இறப்பு வீதம் உயர்ந்தமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. பசுமைப்புரட்சியோடு, உழவர் ‘மருந்து’ எனவே வழங்கும் பீடைநாசினிகள் கிராமத்து வீடுகளுட் புகுந்தன. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றை அரசின் பதிவுக்கு உட்படுத்தியது. மிகக் கொடிய நச்சுப்பொருள்கள் 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாக விலக்கப்பட்டன. 1997 இல் தற்கொலைத் தடுப்புக்கெனச் சனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் 302 ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 1986–1995 காலப்பகுதியோடு ஒப்பிடுமிடத்து, 1996–2005 காலப்பகுதியில் ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைந்தன. இத்தடைகளினால் வேளாண்மை விளைச்சல் குன்றவில்லை என்பதும் ஆய்வுகளாற் புலனாயிற்று.

ஆயின் இவ்வெற்றியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். மரணங்கள் குறைந்த அதே காலத்தில், நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் தொகை அவ்வாறு குறையவில்லை. முயற்சிகள் பல நீண்ட திட்டமின்றி, குடும்பப் பிணக்கு, சினம், அவமானம் ஆகியவற்றால் எழும் கணநேர உந்துதலிலே நிகழ்வன. அக்கணத்திற் கொடிய நஞ்சு கிட்டாமையாற் பலர் உயிர் பிழைத்தனர். அவர்களைக் கலக்கிய துயரோ நீங்கவில்லை. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், உழவர் இல்லங்களுக்குப் பூட்டுடைய பெட்டிகள் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017 இல் வெளிவந்தது. அப்பெட்டிகளால் நஞ்சருந்தல் குறையவில்லை என்பதே அம்முடிபு.

எஞ்சியுள்ள பணிக்கு வழிகாட்டும் சான்று ஒன்றுண்டு. கொழும்பு, சென்னை உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேரிடையே உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு ஒரு மணிநேர விளக்க உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை நலன் விசாரிப்பும் கிடைத்தன. அவர்களுள் 0.2 வீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 2.2 வீதத்தினரும் பின்னர்த் தற்கொலையால் இறந்தனர். பயிற்றப்பட்ட ஒருவர் மீண்டும் மீண்டும் சென்று நலம் கேட்பதற்குள்ள வலிமையை இது புலப்படுத்துகின்றது.

எனவே சமூகக் கல்வியே இன்றைய தேவையாகும். ஆசிரியர், குடும்பநல மாது, கிராம அலுவலர், சமயத் தலைவர், பீடைநாசினி விற்போர் ஆகியோர் இக்கல்வியை முதலிற் பெறுதல் வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என நேரே வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்காது. வினவியபின் பொறுமையோடு கேட்டல், நெருக்கடி வேளையில் தனித்திருக்க விடாமை, வைத்தியசாலைக்கு உடன் செல்லல், வீடு திரும்பியபின் தொடர்ந்து நலம் விசாரித்தல் ஆகியவை எவரும் கற்றுக்கொள்ளக்கூடியன.

அங்கொடை மனநோய் வைத்தியசாலை நிறுவப்பட்ட ஆண்டு 1926. அவ்வைத்தியசாலையே இன்று தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றது. துயருற்றோர் அதனை அழைக்கும் தொலைபேசி இலக்கமும் 1926 ஆகும். மக்கள் பெயர் சொல்லவும் அஞ்சிய இடம் இவ்வாறு உதவி நாடும் இடமாகியுள்ளது. சட்டத்திலிருந்து 1998 இல் நீங்கிய குற்றச்சொல் எமது ஊர்களின் பேச்சிலிருந்தும் நீங்குமாயின், அவ்வுதவியை நாடுவோர் மேலும் பெருகுவர்.