எலுமிச்சை இலையில் ஒரு சரித்திரம்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கி, மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாற்றின் வடகரையை ஒட்டி விரிந்திருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில், வீட்டுத் தோட்டத்து எலுமிச்சையின் இளந்தளிரில் மெல்லிய வெள்ளிக்கம்பி வளைந்து நெளிந்து ஓடியதைப் போன்ற கோடுகளைக் கண்டு, மரத்துக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதென்று கலங்குவோர் உண்டு. அது வியாதியன்று, இலைத்துளைப்பான் என்னும் சிறிய அந்துப்பூச்சியின் புழு செய்த வேலையே அது.

சிறகு விரித்தாலும் அரை சென்டிமீட்டரைத் தாண்டாத தாய்ப்பூச்சி இரவில் வந்து தளிரின்மேல் முட்டையிட, பொரித்த புழு உடனே இலைத்தோலுக்குள் நுழைந்து, மேல்தோலுக்கு அடியிலுள்ள சாற்றை உண்டபடி வளைவளைவாகப் பாதை அமைத்துச் சென்று, இறுதியில் இலையோரத்தைச் சுருட்டி அதனுள் கூட்டுப்புழுவாகிறது. வெயிற்காலத்தில் இச்சக்கரம் முழுவதும் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது.

இப்பூச்சியை உலகுக்கு முதலில் வர்ணித்தவர் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர். கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1856-இல் அவர் அதற்கு இட்ட சிட்ரெல்லா என்ற பெயரே சாஸ்திரத்தில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அக்காலத்தில் சென்னை ராஜதானியில் பயிர்ப்பூச்சிகளைப் பற்றிய முறையான ஆராய்ச்சி இன்னும் பிறக்கவில்லை. இதே அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டையில் 1868-இல் வேரூன்றிய விவசாயக் கல்வி 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து விருத்தியடைந்த பின்னரே, பூச்சியியலாளர்களான பிளெட்சர் 1914-இலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-இலும் தென்னாட்டுப் பூச்சிகளைக் குறித்த பெருநூல்களைச் சென்னை அரசாங்க அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டு, நம் வயல்களையும் தோட்டங்களையும் சாஸ்திரத்தின் கண்ணுக்குப் புலப்படுத்தினர்.

ஆசியாவைப் பூர்விகமாகக் கொண்ட இப்பூச்சி, 1993-இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடைந்து, தனக்கே உரிய எதிரிகள் இல்லாத அப்பிரதேசத்தில் அதிவேகமாகப் பரவியபோது, அங்குள்ளோர் இதை அடக்குவதற்கு ஆசியக் குளவியினம் ஒன்றையே வரவழைத்தனர். புழுவின் உடலில் வளர்ந்து அதை அழிக்கும் அத்தகைய நுண்குளவிகள் நம் மண்ணுக்கு இயற்கையே அருளியவை.

நாற்றுகளுக்கும் இளங்கன்றுகளுக்கும் இப்புழு மெய்யாகவே தீங்கு விளைக்கும். அது ஏற்படுத்திய புண்களின் வழியே சொறிநோய்க் கிருமியும் புகும். ஆனால் நன்கு வளர்ந்த மரம் சில தளிர்களை இழந்தாலும் குன்றுவதில்லை. ஆகையால், வீட்டில் எலுமிச்சை வளர்ப்போர் கோடு கண்டவுடன் விஷமருந்தைத் தெளித்து, புழுவோடு குளவிகளையும் மாய்த்துவிடாமல், மிகுதியான உரத்தாலும் ஓயாத கவாத்தாலும் தளிர்களை அடிக்கடி தூண்டாமல், பொறுமையோடு மரத்தைப் பேணுவார்களாக.