மேடையில் மனைவி, பதிவேட்டில் மனைவி: சுகுமாரி தத்தாவின் கல்கத்தா

கல்கத்தா பீடன் தெருவில் 1873 ஆகஸ்ட் 16 அன்று பெங்கால் தியேட்டர் திறக்கப்பட்டது. அது அமர்த்திய கலைஞர்களுள் நால்வர் பெண்கள்: ஜகத்தாரிணி, கோலாப்சுந்தரி, ஏலோகேசி, சியாமா. நால்வரும் கணிகையர் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்க வேண்டும் என்று சரத்சந்திர கோஷுக்கு அறிவுறுத்தியவர் மைக்கேல் மதுசூதன் தத்தர். அரங்கு திறப்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆலோசனைக் குழுவில் இருந்த ஈசுவரசந்திர வித்யாசாகர் இம்முடிவை ஏற்காமல் விலகினார்.

விதவை மறுமணத்துக்காகப் போராடி 1856ஆம் ஆண்டின் 15ஆவது சட்டம் வரக் காரணமாக இருந்தவர் வித்யாசாகர். உமேஷ்சந்திர மித்ராவின் 'விதவா விவாக' நாடகத்தை 1859இல் கேசவசந்திர சென்னின் குழுவினர் மேடையேற்றியபோது நேரில் வந்து பார்த்தவரும் அவரே. அவருடைய விலகலை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அக்கால வங்க நாடகம் திருமணத்தை எவ்வாறு பேசியது என்று பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருப்பது புலப்படும்.

அந்தப் பேச்சின் தொடக்கம் ஒரு பரிசு அறிவிப்பு. குலீனப் பிராமணர்களின் பலதார மணத்தைக் கண்டிக்கும் சிறந்த நாடகத்துக்கு 50 ரூபாய் தருவதாக ரங்பூர் ஜமீன்தார் ஒருவர் அறிவித்தார். அதை வென்றது ராம்நாராயண் தர்க்கரத்னாவின் 'குலீன குலசர்வஸ்வ' (1854). கதையில் ஒரு குலீனத் தந்தைக்கு மணமாகாத மகள்கள் நால்வர். மூத்தவளுக்கு வயது 32, இளையவளுக்கு 8. குலம் கெடாமலிருக்க நால்வரையும் ஒரே கிழவருக்குக் கட்டிவைக்கிறார்கள். ஆசிரியர் சமஸ்கிருதப் பண்டிதர். ஆடவருக்குச் சமஸ்கிருதமும் பெண்டிருக்குப் பிராகிருதமும் என்று பிரித்துக் கொடுத்த பழைய நாடக மரபில் பயின்றவர். அந்தப் பிரிவினையின் சாயல் அவருடைய வங்கமொழியிலும் தொடர்கிறது: பெண்கள் தங்கள் துயரத்தை அடுக்களைப் பேச்சில் சொல்லிக்கொள்கிறார்கள். நாடகத்தின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஆயினும் 1857இல் அது மேடையேறியபோது பெண்களின் வசனங்களைப் பேசியவர்கள் ஆண்கள். (சென்னையில் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் நெடுங்காலம் இதே நிலைதான்.)

இவ்வகை நாடகங்களில் இரங்கத்தக்கவள் எப்போதும் குலப்பெண்: கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், கைம்பெண், கணவனால் புறக்கணிக்கப்பட்டவள். கணிகை அந்த இரக்கத்துக்கு வெளியே நிற்பவள். தீனபந்து மித்ராவின் 'சதவார் ஏகாதசி'யில் (1866) காஞ்சன் என்னும் கணிகை, மனைவியின் இடத்தைப் பறிப்பவளாகவே வருகிறாள். சீர்திருத்தம் காக்க முனைந்தது இல்லத்தை. இல்லத்துக்கு ஆபத்தாகக் கருதப்பட்டவளே இல்லாளின் வேடத்தில் வந்து நிற்பதை அதனால் செரிக்க முடியவில்லை. வித்யாசாகர் தம் கொள்கையிலிருந்து வழுவவில்லை. அக்கொள்கையின் எல்லை அவ்வளவுதான் என்று சொல்வதே பொருந்தும்.

அந்த எல்லையைத் தாண்டியவர் கோலாப்சுந்தரி. 1875இல் உபேந்திரநாத் தாஸின் 'சரத்-சரோஜினி'யில் சுகுமாரி என்னும் பாத்திரத்தை ஏற்றார். அவ்வேடம் பெற்ற புகழால் பாத்திரத்தின் பெயரே அவர் பெயராயிற்று. அதே ஆண்டில் உபேந்திரநாத் முன்னின்று, நடிகர் கோஷ்டபிகாரி தத்தாவுக்கும் அவருக்கும் மணம் செய்துவைத்தார். அம்மணம் 1872ஆம் ஆண்டின் 3ஆவது சட்டப்படி நடந்தது. பிரம்ம சமாஜத்தாரின் கோரிக்கையால் வந்த அச்சட்டம் ஒரு விசித்திரமான நிபந்தனையை விதித்திருந்தது: மணமக்கள் தாம் இந்து, இஸ்லாம், கிறித்தவம் முதலிய எந்தச் சமயத்தையும் சார்ந்தவர் அல்லர் என்று உறுதிமொழி தர வேண்டும். புராண நாடகங்களில் கற்பரசிகளாக வாழ்ந்து காட்டிய நடிகையர் வட்டத்திலிருந்து ஒருவர் உண்மையிலேயே மனைவியாவதற்கு, அப்புராணங்களின் சமயத்தைத் துறப்பதாக எழுதித்தர வேண்டியிருந்தது!

பெயர்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் குடும்பப் பெயர் இல்லாத கோலாப். பிறகு மேடை தந்த சுகுமாரி. பிறகு பதிவேடு தந்த தத்தா. அவருடைய சமகாலத்து நடிகை பினோதினி, தாசி என்ற ஒட்டுடன் அறியப்படுகிறார். தமிழ்க் காதுக்கு அது தேவதாசியை நினைவூட்டும், வங்கத்தில் அவ்வாறன்று. பிராமணரல்லாத பெண்களுக்கு அது பொதுவான பின்னொட்டு. தக்ஷிணேஸ்வரம் கோயிலைக் கட்டிய ராணி ராசமணியும் தாசிதான். எனவே 'தத்தா' என்பது வெறும் பெயர் மாற்றமன்று. கணவனின் குடிப்பெயரைத் தாங்கும் உரிமை தனக்கும் உண்டு என்ற அறிவிப்பு அது.

அந்தப் பெயரிலேயே 1875இல் 'அபூர்வ சதி' நாடகம் வெளிவந்தது. தலைப்பின் இரண்டு சொற்களும் தமிழுக்கு அந்நியமல்ல. 'சதிபதி' என்பதிலுள்ள சதி இது, சூழ்ச்சி என்னும் சதி அன்று. 'அபூர்வ' என்பதற்கு முன்பு இல்லாத என்பது மூலப்பொருள். முன்பு இல்லாத இந்தப் பத்தினி யார்? நளினி, ஒரு கணிகையின் மகள், படித்தவள். தாயின் தொழிலை மறுத்து, சந்திரகேது என்னும் இளைஞனிடம் மனம் வைக்கிறாள். சமூகம் வழிவிடவில்லை, நாடகம் அவள் சாவில் முடிகிறது. காஞ்சனுக்கு மறுக்கப்பட்ட இரக்கம் இங்கே முதன்முறையாகக் கேட்கப்படுகிறது. நூல் ஆசுதோஷ் தாஸ் என்பவரின் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது. அதைக் காரணம் காட்டிச் சுகுமாரியின் பங்கைக் குறைப்பது, பெண் எழுத்தைப் பற்றிய பழைய ஐயத்தின் தொடர்ச்சி அன்றி வேறில்லை.

1876இல் உபேந்திரநாத் கைதானார். மேடையை அடக்க நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அதே ஆண்டில் வந்தது. உபேந்திரநாத் இங்கிலாந்து சென்றார். கோஷ்டபிகாரியும் மனைவியைப் பிரிந்து இங்கிலாந்துக்கே போனார். பெண்குழந்தையுடன் தனித்துவிடப்பட்டவருக்குப் பிழைக்க இருந்த ஒரே தொழில் நடிப்பு. அவர் மேடைக்குத் திரும்பினார். கணவன் போன பின்னும் சுகுமாரி தத்தாவாகவே அறியப்பட்டார்.