மலையில் குடியிருக்கும் தனியன்

இத்தாலியில் ஒரு பறவைக்குப் ‘பாஸெரோ சொலிட்டாரியோ’ என்று பெயர். பாஸெரோ என்றால் சிட்டுக்குருவி. சொலிட்டாரியோ என்றால் தனித்திருப்பது. சிட்டுக்குருவியோ கூட்டத்தை விட்டுப் பிரியாதது. உண்மையில் இப்பெயருக்குரியது செங்குத்துப் பாறைகளில் வாழும் ஒரு பாடும் பறவை. தமிழில் நீலப் பூங்குருவி.

விவிலியத்தின் 102ஆம் சங்கீதத்தில், துயருற்றவன் தன்னைக் கூரைமேல் தனித்திருக்கும் குருவிக்கு ஒப்பிடுகிறான். லத்தீன் விவிலியத்தில் அது ‘பாஸர் சொலிட்டாரியுஸ்’. அந்தச் சொற்சேர்க்கையே பழைய இயற்கை நூல்களில் இப்பறவையின் பெயராகவும் நிற்கிறது. பொருத்தமும் இருக்கிறது. மலைமுகட்டை விட்டு ஊருக்கு வந்தால் பாழடைந்த சுவர், கோட்டை, கோபுரம் ஆகியவற்றின் உச்சியில்தான் இது தனியே உட்காரும். இத்தாலியக் கவிஞர் லியோபார்டி இப்பெயரையே தலைப்பாக வைத்து எழுதி 1835இல் வெளிவந்த கவிதையிலும் அது பழைய கோபுரத்தின் மேல்தான் பாடுகிறது.

1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதை ‘டர்டுஸ் சொலிட்டாரியுஸ்’ என்று எழுதியபோது குருவி போய்ப் பூங்குருவி வந்தது. தனிமை அப்படியே தங்கிவிட்டது. 1822இல் ஃபிரீட்ரிக் போயே ‘மான்டிகோலா’ என்ற பேரினத்தை வகுத்தார். மலையில் குடியிருப்பது என்று பொருள். மலையில் குடியிருக்கும் தனியன்: அறிவியல் பெயர்களில் இவ்வளவு கச்சிதமானவை குறைவு என்றே சொல்வேன். தக்காணத்துப் பறவைகளைத் தொகுத்த சைக்ஸ் 1832இல் சூட்டிய ‘பாண்டூ’ என்ற பெயர், இந்தியாவுக்கு வரும் துணையினத்துக்கு இன்றும் வழங்குகிறது.

மற்ற மொழிகளையும் பாருங்கள். ஜெர்மானியர் இதை நீலக் கரும்பறவை என்கிறார்கள். ஜப்பானியப் பெயரான ‘இஸோஹியோடோரி’ கடலோரப் பாறையின் கொண்டைக்குருவி என்று பொருள்படும். மால்டாவில் இது ‘மெரில்’. அந்நாட்டின் தேசியப் பறவை. 1986இல் வந்த ஒரு லிரா நாணயத்தில் அதன் உருவம் இருந்தது. பிற்கால மரபணு ஆய்வுகளோ இதைப் பூங்குருவிக் குடும்பத்திலிருந்து எடுத்து ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டன. ஆக, உறவைச் சொன்ன பெயர்கள் அத்தனையும் தவறின, நம் பூங்குருவி உட்பட. பாறை, தனிமை, நீலம் என்று கண்ணால் கண்டதைச் சொன்னவை தவறவில்லை.

அந்த மூன்றையும் வைத்தே பறவையை அடையாளம் காணலாம். ஆனால் நீலத்தை முதலில் தேடாதீர்கள். நிழலிலோ தூரத்திலோ ஆண் வெறும் கருப்பாகத்தான் தெரியும். வெயில் நேராகப் படும்போதுதான் சாம்பல் கலந்த நீலம் வெளிப்படும். பெண்ணுக்குப் பழுப்பு உடல், அடிப்பகுதியில் செதில் செதிலான கோடுகள். நீண்ட அலகு இரண்டுக்கும் பொது. நம் பாறைகளில் திரியும் கருஞ்சிட்டு இதைவிடச் சிறியது. வாலைத் தூக்கிப் பிடிக்கும். பறக்கும்போது ஆணின் தோளில் வெண்மை மின்னும். நீலப் பூங்குருவி வாலை அப்படித் தூக்குவதில்லை. பாறை நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பூச்சியைக் கண்டால் இறங்கிப் பிடித்துவிட்டு மறுபடி நுனிக்கே வரும். சோலை ஓடைகளில் சீழ்க்கையடிக்கும் சீகாரப் பூங்குருவி இதைவிடப் பெரியது. அதன் நீலத்தில் பளபளப்பு உண்டு.

இமயமலைப் பக்கம் இனப்பெருக்கம் முடித்துக் குளிர்காலத்தில் இது தென்னிந்தியாவுக்கு வருகிறது. இங்கே பெரும்பாலும் பாடுவதில்லை; காதை நம்பிப் பயனில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு மலைக்கோட்டையிலோ கைவிட்ட கல்குவாரியின் விளிம்பிலோ கருப்பாக ஒரு பறவை தனித்து உட்கார்ந்திருந்தால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். அது வெயில் பக்கம் திரும்பும்வரை நின்று பாருங்கள்.