பூனை வழியா வந்த வினை

நாய்க்குட்டி வளர்க்கிறவங்க 'பார்வோ'ன்னா பதறுவாங்க இல்லையா, மக்களே? அந்த நோயைக் கண்டுபிடிச்சதே 1978-லதான். பூனைகளைத் தாக்குற பான்லூக்கோபீனியா வைரஸோ, அதோட பங்காளி வைரஸோ லேசா உருமாறி நாய்க்குத் தாவியிருக்கு. ரெண்டே வருஷத்துல உலகம் பூரா பரவிடுச்சு. வாந்தி, ரத்தபேதின்னு குட்டிங்க கொத்துக் கொத்தா செத்துச்சு.

கைவசம் வேற எதுவும் இல்லாம, முதல்ல பூனைத் தடுப்பூசியையே நாய்க்குப் போட்டாங்க! அப்புறம் கார்னெல் பல்கலைக்கழகத்துல லீலண்ட் கார்மைக்கேல் குழுவினர் நாய்க்குன்னே ஒரு ஊசி உருவாக்கினாங்க.

இதுல ஒரு சிக்கல். சீம்பால்ல கிடைக்கிற எதிர்ப்பு சக்தியே ஊசியை வேலை செய்ய விடாது. அது எப்போ குறையும்ங்கிறது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனாலதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, குறைஞ்சது 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடறாங்க. "அதான் ஒரு ஊசி போட்டாச்சே"ன்னு பாதியில நிறுத்திடாதீங்க, சாமிகளா!