சிவகங்கைத் திரள்: கொரோனா பற்றி கெடா அறிந்துகொண்டது

கொரோனா என்பது ஒரே கிருமி அன்று. அது ஒரு குடும்பம். அதில் சில, சளிக் காய்ச்சலோடு நின்றுவிடும். விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவிய மூன்று மட்டும் உயிரைக் குடித்தன. 2003இல் பரவிய சார்ஸ், 2012இல் அறியப்பட்ட, ஒட்டகங்கள் வழி பரவும் மெர்ஸ், 2019 இறுதியில் தோன்றிய கோவிட்-19 ஆகியவையே அவை. மலேசியாவில் முதல் கோவிட் சம்பவம் 2020 ஜனவரி 25இல் உறுதியானது.

நாப்போவில் நடந்தது

2020 ஜூலையில் தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவருக்கு, விமான நிலையப் பரிசோதனையில் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. வீட்டில் தனித்திருக்க வேண்டிய அவர், குபாங் பாசு மாவட்டம் நாப்போவிலுள்ள தம் கடைக்குச் சென்றார். இரண்டாவது பரிசோதனையில் தொற்று உறுதியானது. குடும்பத்தார், ஊழியர், வாடிக்கையாளர் எனப் பரவி பெர்லிஸ், பினாங்கு வரை எட்டியது. சுற்றுவட்டார முக்கிம்களில் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானது. ஆகஸ்ட் 13இல் அலோர்ஸ்டார் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. இத்திரளில் டி614ஜி எனும் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டதாக, அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா அறிவித்தார்.

முதல் பரிசோதனை ஏன் போதாது?

கிருமி உடலில் புகுந்த பின் அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். தொடக்கத்தில் கிருமியின் அளவு குறைவு என்பதால் பரிசோதனையில் சிக்காது. ஆகவே 'தொற்று இல்லை' என்ற முடிவு அன்றைய நிலையை மட்டுமே சொல்லும்.

மருத்துவமனையில் செய்வது

நோயாளிகள் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்பட்டனர்:

1. அறிகுறி இல்லை
2. அறிகுறி உண்டு, நுரையீரல் அழற்சி இல்லை
3. நுரையீரல் அழற்சி உண்டு
4. பிராணவாயு தேவை
5. செயற்கைச் சுவாசம் தேவைப்படும் ஆபத்தான நிலை

காய்ச்சல், இருமலுடன் வருவோரை வாசலிலேயே பிரித்து வேறு பகுதியில் அமர்த்துவதே முதல் தற்காப்பு. சுவாசக் குழாய் பொருத்தும்போது நுண்துளிகள் காற்றில் பரவும் என்பதால் மருத்துவர்களும் தாதியரும் என்95 முகக்கவசம், கண்காப்பு, நீள அங்கி அணிகின்றனர். பணியாளர் ஒருவருக்குத் தொற்றினால், அந்த வார்டில் இருக்கும் இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் அது ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அவசரநிலையை நீக்கியது, கிருமி நீங்கவில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்கிறது. ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து வேலைக்குப் போனால், அது வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவைத்தான் முதலில் தாக்கும். கிளினிக்கில் நுழையும்போதே காய்ச்சலையும் அண்மைய பயணத்தையும் சொல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ, விரலில் மாட்டும் கருவி 95 விழுக்காட்டுக்குக் கீழ் காட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.